வெள்ளிக்கிழமைக் கோபம்

"டாக்டர், வெள்ளிக்கிழமையில மட்டும் எங்க நைனா ஏன் அடிக்குது?"

இதைக் கேட்டபோது சிநேகாவுக்கு ஏழு வயது. டாக்டர் வாசுதேவனின் மேசை விளிம்பு அவள் மூக்குக்கு நேராக இருந்தது. அவருடைய பேனா மூடியை உருட்டிக்கொண்டே கேட்டாள். டாக்டர் சிரித்தார். வெளியே பெஞ்சுகளில் இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். "மத்த நாள்ல அடிக்க மாட்டாரில்ல? அப்ப நல்ல நைனாதான்" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, சீட்டில் இன்னொரு மாத்திரையை எழுதினார்.

அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனிதரின் சிரிப்பு அது. ஆனால் இரண்டாயிரத்தொன்றாம் வருஷத்து அந்தக் கோடையில், குழந்தையின் தகப்பன் பிழைப்பதற்கு இருந்த நேர் வழி அந்தக் கேள்விதான். பெரியவர்கள் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

தகப்பன் பெயர் ஜான்சன். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் பிளந்து கொடுக்கிறவன். சிற்பி உளி வைப்பதற்கு முன்னால் லாரியில் வந்த பாறையை அளவுக்குப் பிரிக்க வேண்டும். வரிசையாகக் குழி போட்டு, குழிக்கு ஓர் இரும்பு ஆப்பு செருகி, சம்மட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவான். ஆத்திரப்பட்டு ஒரே ஆப்பில் ஓங்கி அடித்தால் கல் கோணலாகப் போய்விடும். எல்லா ஆப்பும் சமமாக இறங்கினால் கல்லுக்குள் 'ம்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு தானாகப் பிரியும். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்கு அறுப்பு களத்து மூலையில் நின்று நெல் வாங்கியவர். ஜான்சனுக்கு வாரக்கூலி. திருக்கழுக்குன்றம் போகிற சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் வருகிற காலனியில் ஓட்டு வீடு. மனைவி சாராள் விடிகாலை பஸ் பிடித்துக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குப் போய் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவாள்.

முன்பு ஜான்சன் குடித்தான். குடித்தால் அடித்தான். காலனியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு காலனி முனையில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு பாஸ்டர் சபை நடத்த வந்தார். ஒரு சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் போன ஜான்சன் அழுதுகொண்டே வீடு திரும்பினான். அன்றோடு சாராயத்தை விட்டான். அதன் பிறகு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முதல் வரிசை அவனுடையது. விடிந்ததிலிருந்து ஜெபம் முடிகிறவரை தண்ணீர் மட்டும்தான். அரைநாள் வேலை பார்த்துவிட்டு உச்சிவெயிலில் கொட்டகைக்கு வருவான். வெயில் சாய்ந்த பிறகு சாராள் நொய்க்கஞ்சியும் சுட்ட கருவாடும் வைப்பாள்.

தை மாதத்தில் ஒரு கல் சில்லு அவன் காலில் இறங்கியது. புண் ஆறவே இல்லை. சாலையோரத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை என்றார்கள். வார்டில் இருந்த டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதி, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லி அனுப்பினார். புண் ஆறியது. சில வாரங்கள் கழித்துக் காட்டப் போனபோது வெளிநோயாளிப் பிரிவில் வாசுதேவன் உட்கார்ந்திருந்தார். ஏழைகளிடம் எரிந்து விழாதவர். சர்க்கரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைப் பார்த்து ரோஸ் நிற மாத்திரை ஒன்றை எழுதினார்.

"பழசும் போட்டுகினே இருக்கட்டுமா டாக்டர்?" என்று சாராள் கேட்டாள்.

அவர் அதற்குள் அடுத்த ஆளின் சீட்டைக் கையில் வாங்கியிருந்தார். பழைய மாத்திரை எது என்று எடுத்துப் பார்க்கவில்லை. வேறு வகை மருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் போடணும்மா. ஒரு வேளையும் விடக் கூடாது."

சாராள் ஒரு வேளையும் விடவில்லை. விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று என்று அவன் உள்ளங்கையில் வைத்து, முழுங்குகிறவரை எதிரே நிற்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஜான்சனுக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னிக்கு உபவாசமாச்சே. போடலாமா?"

"மாத்திர இன்னா சோறாய்யா? மாத்திரயால உபவாசம் கெடாது. பாஸ்டரும் சொல்லிட்டாரு. தண்ணில முழுங்கு."

இப்படி அவர்கள் டாக்டருக்கும் கீழ்ப்படிந்தார்கள், ஆண்டவருக்கும் கீழ்ப்படிந்தார்கள். இரண்டு கீழ்ப்படிதலையும் வெறும் வயிற்றில் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியவர், 'எப்போது சாப்பிடுவீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

மற்ற நாட்களில் வியர்த்தது, கை நடுங்கியது, பசி பிடுங்கியது. கேழ்வரகுக் களி இரண்டு உருண்டை கூடுதலாகத் தின்றால் சரியாகிவிட்டது. "மருந்து நல்லா பசி எடுக்க வெக்குது" என்று சாராளுக்குச் சந்தோஷம்கூட.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாராள் வாசலில் பழைய புடவையை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, கெணத்துல வுழுந்து எழுந்த மாரி வர? குந்து. தண்ணி தரேன்."

அவன் அவளை முன்பின் தெரியாதவள்போலப் பார்த்தான்.

"யாரு நீ? என் வூட்டாண்ட உனுக்கு இன்னா வேல?"

"அய்ய, வெளாடாத. கொட்டாய்க்கு நேரமாச்சு."

சைக்கிளை அவள் மேல் தள்ளினான். பெடல் அவள் விலாவில் குத்தியது. எழுந்திருக்கப் போனவளின் கொண்டையைப் பிடித்து இழுத்து, கதவு நிலையில் நெற்றியை மோதினான். ஒரு தரம் இல்லை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. உள்ளேயிருந்து ஓடிவந்த சிநேகா அவன் காலைக் கட்டிக்கொண்டு "நைனா, வுடு நைனா" என்று கதறினாள். அவன் காலை உதறிய உதறலில் குழந்தை அம்மிக்கல்லில் போய் விழுந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ஆட்கள் அவனை மடக்கினார்கள். அவர்களில் ஒருவனுடைய தோளை ஜான்சன் பல் பதியக் கடித்தான். கடைசியில் கால் தளர்ந்து மண்ணில் உட்கார்ந்தான். யாரோ ஒருத்தி கஞ்சிச் சட்டியை அவன் வாயில் வைத்தாள். குடித்தான். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து சாராளைப் பார்த்துக் கேட்டான்:

"உன் நெத்தில இன்னாமே ரத்தம்? எவன் அடிச்சான்?"

அவள் முட்டி போட்டு அவன் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். சாராய வாசனை இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. குடித்திருந்தால் அவளுக்குத் தெரிந்த பிசாசு. இது எது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி, வேண்டா என்று பெயர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையோரத்தில் பதநீர் விற்கிறவள். சபையின் ஒலிபெருக்கிக்கும் அவளுடைய அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கும் போன ஆடியில் நடந்த சண்டையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆனால் ஏச்சு உண்டு.

"குடிய நிறுத்திட்டாரு எங்க சாமின்னு மைக்கு வெச்சி ஊரக் கூட்டுனீங்களேமே. தோ, உங்க சாமி லீவுல பூட்டாரா?"

"உன் வேலயப் பாரு" என்றாள் சாராள், முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு.

சாயங்காலம் அவள் தம்பி சாலமோன் வந்தான். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அக்காவின் நெற்றியில் போட்டிருந்த தையலைப் பார்த்தான். ஜான்சன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நேரா பேசறேன். திரும்பக் குடிக்கிறியா?"

"இல்ல மச்சான். சத்தியமா இல்ல. எனுக்கு ஒண்ணியுமே நெனப்பு இல்ல."

"நெனப்பு இல்லன்னா தையலு தானா வந்துச்சா? அக்கா, இன்னொரு தபா கை வெச்சான்னு கேட்டேன், என் வண்டில கீற ஜாக்கி ராடுதான் பேசும். நான் பேச மாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதேதான். கரண்டிக் காம்பால் சாராளின் முதுகு வரிவரியாக வீங்கியது. அதன் பிறகுதான் அவள் ஜான்சனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாசுதேவனிடம் போனாள். அன்றைக்குக் காலையில் ஜான்சன் இட்லி தின்றுவிட்டுப் போயிருந்தான். ரத்தம் பார்த்தார்கள், சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. குறைந்திருக்கும் என்று நினைக்க டாக்டருக்குக் காரணம் ஒன்றுமில்லை. "குடியை விட்டவங்களுக்குச் சில சமயம் இப்படி மனசு கொதிக்கும்" என்றார். சிநேகா தன் கேள்வியைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, மனம் அமைதியடைய ஒரு தூக்க மாத்திரை எழுதினார். ஏற்கெனவே இருந்த இரண்டோடு அதுவும் மூன்றாவதாகச் சேர்ந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஜான்சன் சாராளிடம் சொன்னான்: "என்ன வூட்ட வுட்டுத் தொரத்திடு சாராளு. புள்ள மேல கை வெச்சிட்டேனாமே. எனுக்குள்ள இன்னா பூந்துகினு கீதுன்னு எனுக்கே தெரியல."

"எங்க போவ? போனாலும் வெள்ளிக்கெழம அங்கயும் வரும்" என்றாள் அவள்.

சித்திரை வெயில் ஏறியது. கடற்காற்று மத்தியானம்வரை எட்டிப் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் ஜான்சனுக்காகவே விசேஷ ஜெபம் வைத்தார். கொட்டகைக்குள் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஓலையின் சூடு தலைமேல் இறங்கியது. காலையில் வெள்ளை, ரோஸ் இரண்டையும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, பட்டறையில் பெரிய கல் ஒன்றைப் பிளந்துவிட்டு வந்திருந்தான் ஜான்சன். முதல் வரிசையில் முட்டி போட்டிருந்தான். தாடையிலிருந்து வியர்வை மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

பாஸ்டர் அவன் தலைமேல் கை வைத்தார். ஜான்சன் அந்தக் கையைப் பிடித்து விரல்களைப் பின்பக்கமாக மடக்கினான். பாஸ்டர் அலறினார். ஜான்சன் எழுந்து பாட்டுக்கு அடிக்கிற டிரம்மை எடுத்து வீசினான். அது ஒரு பெண்ணின் முகத்தில் பட்டது. நடுக்கம்பத்தை இரண்டு கையாலும் பற்றி ஆட்டினான். ஓலை சரிந்தது. குழந்தைகள் வெளியே ஓடினார்கள். ஆண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள்.

"வுடாத! காலப் புடி!"

"இயேசுவின் நாமத்துல, வெளிய போ!"

"வாயில துணி வெய்யிடா, கடிக்கிறான்!"

சாராள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். "அடிக்காதீங்க, அவர அடிக்காதீங்க, நான் இட்னு போறேன்" என்று அவன் தோளைத் தொட்டாள். கல் பிளக்கிற கை அது. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் பாட்டும் கூச்சலும் நின்றுபோன ஓர் இடைவெளியில் எல்லாருக்கும் கேட்டது.

யாரோ சாலமோனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவை நடுச்சாலையில் விட்டுவிட்டு ராடோடு வந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி மண்டையில். ஜான்சனின் காதோரம் தோல் கிழிந்து தொங்கியது. விழுந்தவனை நாலு பேர் இழுத்துப்போய்க் கொட்டகைக்கு வெளியே பனைமரத்தில் வைத்து, தண்ணீர் சேந்துகிற கயிற்றால் கட்டினார்கள். சபைக்காரன் ஒருவன் வேப்பங்கொம்பை ஒடித்து அவன் காலில் வீசினான். மற்றொருவன் செருப்பால் அடித்தான். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. அவனை விட்டுப் பிசாசு போக வேண்டும் என்றுதான் அடித்தார்கள். உலகத்தில் நடக்கிற அடிகளில் பாதி இப்படி நல்லெண்ணத்தோடு விழுகிறவைதான்.

ஜான்சன் இப்போது கத்தவில்லை. உதடு துடித்தது. கண் மேலே சொருகிச் சொருகி வந்தது.

வேண்டா சாலையிலிருந்து பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள் நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"இன்னாடா இது அக்குறும்பு? உங்க சாமி இப்டித்தான் பண்ணச் சொல்லிச்சா?"

"போம்மே, இது சபை விசயம்" என்றான் சாலமோன்.

"சபையாவுது சுண்டக்காயாவுது. கட்டிப்போட்ட மாட்டுக்கே தண்ணி காட்டுவோம். நாக்கு எப்டி இஸ்துகினு கீது பாரு."

தண்ணீர் அவளிடம் இல்லை. விற்று மீந்த பதநீர்தான் இருந்தது. ஒரு சொம்பில் மொண்டு, அவன் தலையைத் தன் இடுப்பில் சாய்த்து, உதட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஒரு மடக்கு வெளியே வழிந்தது. அடுத்ததை விழுங்கினான். "குடி நைனா. மெதுவாக் குடி. நீ எனுக்கு ஆவாதவன்தான், இருந்தாலும் குடி." சொம்பு தீர்ந்ததும் இன்னொன்று மொண்டாள்.

வெயிலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜான்சனின் கண் நேராயிற்று. கயிற்றைக் குனிந்து பார்த்தான். பிறகு சாராளின் தொங்குகிற கையைப் பார்த்தான்.

"நானா?" என்றான்.

"அல்லேலூயா! போயிடுச்சி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பாஸ்டர் தன் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நன்றி சொன்னார். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்கப்பட்டது. வேறு வீட்டுச் சொம்பில் பதில் வந்தது, அவ்வளவுதான்.

மண்டையில் ரத்தம் நிற்கவில்லை. சாலமோனே அவனையும் அக்காவையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். தனியாக விட ஆளில்லாமல் சிநேகாவும் கூட வந்தாள். அவசரப் பிரிவில் அன்றைக்கு வாசுதேவன் இருந்தார். ஜான்சனின் காதோரத்தைத் தைக்க ஆரம்பித்தார். பாதித் தையலில் ஜான்சனின் உடம்பு மறுபடி வியர்வையில் நனையத் தொடங்கியது. டாக்டர் குனிந்து பெயரைக் கேட்டார். பதிலுக்கு ஜான்சனின் முஷ்டி அவர் வாயில் இறங்கியது. இரும்புத் தட்டு தரையில் உருண்டது. நர்சும் சாலமோனும் சேர்ந்து அவனை அமுக்கினார்கள். அமுக்கிய கைகளுக்குள்ளேயே உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு துவண்டது.

டாக்டர் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார். இப்போதுதான், இத்தனை வாரத்தில் முதல்முறையாக, அவன் உள்ளங்கையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். "சுகர் பாரு. சீக்கிரம்" என்றார். விரலில் குத்தி மிஷினில் வைத்தார்கள். உயிரோடிருக்கிற மனிதனுக்கு இருக்கக் கூடாத அளவுக்குக் குறைந்த எண் அது. நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. ஊசி முழுவதும் இறங்குவதற்குள் ஜான்சன் கண்ணைத் திறந்து, "சாராளு, மணி இன்னா?" என்றான்.

சாராள் அழத் தொடங்கினாள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? எல்லாத்தையும் காட்டும்மா."

உடையாத கையால் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை, ரோஸ், புதிதாகத் தூக்க மாத்திரை. அவர் முதல் இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இன்னா டாக்டர்?"

"இன்னிக்கு என்ன சாப்பிட்டார்?"

"இன்னிக்கு உபவாசம். மாத்திர மட்டும்தான். நீங்கதான் ஒரு வேளையும் வுடக் கூடாதுன்னீங்க."

அந்த இடத்தில் பொய் சொல்ல அவருக்கு அகலமான வழி இருந்தது. 'பட்டினி கிடந்தது உங்கள் தப்பு' என்று சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள், மன்னிப்பும் கேட்டிருப்பார்கள். அவர் அந்த வழியில் போகவில்லை.

"இந்த வெள்ளையும் ரோஸும் ஒரே மருந்தும்மா. கம்பெனி வேற, கலர் வேற. உள்ள இருக்கறது ஒண்ணு. ரெண்டு பங்கு மருந்து சாப்பிட்டிருக்கார். சாப்பாடு இல்லாத நாள்ல சர்க்கரை அடியோட எறங்கிடும். மூளைக்குச் சர்க்கரை இல்லன்னா மனுஷன் யாரு என்னன்னு தெரியாம அடிப்பான், கடிப்பான். அப்புறம் நெனப்பு இருக்காது. இது குடியும் இல்ல, பேயும் இல்ல."

"யாரு எழுதுனது ரெண்டு தபா?" என்று சாலமோன் கேட்டான். குரல் தணிந்திருந்தது.

"மொதல்ல வார்டுல எழுதினாங்க. ரெண்டாவது நான். அதப் பாக்காம எழுதினேன். அக்கா கேட்டாங்க, அப்பவும் பாக்கல."

சாலமோன் தன் கைகளைப் பார்த்தான். மத்தியானம் மாமனின் மண்டையைப் பிளந்த கை. அந்த அடியை எங்காவது கொண்டுபோய் இறக்கிவைக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. டாக்டரின் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தான். கண்ணாடி உடைந்தது. மூக்கில் குத்தினான். கீழே விழுந்தவரை மிதித்தான். பாட்டில் தொங்கவிடுகிற இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கினான். நர்ஸ் கதவைத் திறந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு அலறினாள். சாராள் நடுவில் வந்து நின்றாள். உடைந்த கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைப் பிடித்தாள்.

"வுடு சாலமோனு."

"நகருக்கா. இவனால உன் கை—"

"இந்த ரெண்டு மாசத்துல எங்க வூட்டுக்குத் தெரிஞ்சவங்கள்ல ஒத வாங்காதவரு இவரு ஒருத்தர்தான் பாக்கி. அதுவும் ஆச்சி. போதும் வுடு. அடிச்சி அடிச்சி இன்னாடா கண்டோம்?"

கீழே கிடந்த டாக்டர் சுவரைப் பிடித்து எழுந்தார். மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் சட்டை வரை வந்திருந்தது.

"தம்பி, அடிக்கறதுன்னா நாளைக்கு வந்து அடிங்க. நான் எங்கயும் போக மாட்டேன். இந்த மருந்து சீக்கிரம் ஒடம்ப விட்டுப் போகாது. குளுக்கோஸ் தீரத் தீர மறுபடி எறங்கும். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். இப்ப என்னை விடுங்க."

சாலமோன் கம்பியைக் கீழே போட்டான். வராந்தாவில் போய்க் குந்தி, முகத்தை முட்டியில் புதைத்துக்கொண்டான். டாக்டர் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். மறுநாள் பகல்வரை அவர் அங்கிருந்து எழுந்தது சாராளின் கைக்கு மாவுக்கட்டு போடும்போது மட்டும்தான். ஜான்சனுக்கு இன்னொரு முறை வியர்த்தது. அது வளர்வதற்குள் பிடித்துவிட்டார்கள்.

காலையில் சிநேகா டாக்டரின் பக்கத்தில் வந்து நின்றாள். அவருடைய வீங்கிய மூக்கைக் கவனமாகப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கு ஒண்ணு கேட்டியே" என்றார் அவர். "அப்பவே நான் யோசிச்சிருக்கணும். வெள்ளிக்கிழமை உங்க நைனா சாப்பிடல. ஆனா மாத்திரை சாப்பிட்டாரு. நான் தப்பாக் குடுத்த மாத்திரை. அதான் அடிச்சாரு."

"அப்போ இனிமே அடிக்காதா?"

"இந்த மாத்திரையால அடிக்க மாட்டார்."

"சரி" என்றாள் சிநேகா. "உங்க மூக்கு கத்திரிக்கா மாரி கீது."

ஆஸ்பத்திரி நிர்வாகம் போலீசுக்குப் போகலாம் என்றது. வாசுதேவன் புகாரில் கையெழுத்துப் போட மறுத்தார். மற்ற டாக்டர்களைக் கூட்டி வைத்து, தான் செய்ததை மறைக்காமல் சொன்னார். அதன் பிறகு அவர் மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு வந்தது. யார் வந்தாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் அதில் கொட்ட வேண்டும். அட்டையைத் திருப்பிப் பார்த்த பிறகே எழுதுவார். "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க? எந்த நாள் விரதம்?" என்று கேட்பார். வரிசை நீண்டது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாஸ்டர் விரலில் கட்டோடு வந்து ஜான்சனைப் பார்த்தார். "வயித்துல கஞ்சி இருந்தா ஆண்டவருக்குக் காது கேக்காதா என்ன? நீ சாப்ட்டுட்டு வந்து ஜெபம் பண்ணு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேண்டாவின் வீட்டு வாசலுக்குப் போய்க் கைகூப்பிவிட்டு வந்தார். "மைக்குச் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க, அது போதும்" என்றாள் வேண்டா.

காலனி மனசு இளகிவிட்டது. சாலமோன் தினமும் வந்து ஜான்சனின் காலருகே உட்கார்ந்துவிட்டுப் போனான். செருப்பால் அடித்தவன் கோழி கொண்டுவந்து கொடுத்தான்.

"பாவம்டா, மாத்திரதான் அடிச்சிகீது. அவன் இன்னா பண்ணுவான்?"

"மெய்யாலுமே தங்கமான ஆளு."

கேட்கக் கேட்க ஜான்சனுக்கு அது ஒப்பவில்லை. ஒரு நாள் சாராளும் அதையே சொன்னாள்: "நீ அடிக்கலய்யா. எப்பயுமே நீ அடிக்கிற ஆளு இல்ல." எல்லாவற்றையும் சேர்த்து மன்னித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அடிகள் மாத்திரையுடையவை. சரி. அதற்கு முன்னால் குடித்துவிட்டு அடித்த வருஷங்கள் யாருடையவை? அந்த அடிகளில் ஒவ்வொன்றும் அவன் நினைவில் இருந்தது. அவற்றுக்கு மாத்திரை இல்லை. எழுதிக்கொடுத்த டாக்டரும் இல்லை.

அவளுடைய கை மாவுக்கட்டில் இருந்தது. கொட்டகையில் அவன் மண்டை ரத்தம் பட்ட அவளுடைய புடவை மூலையில் சுருண்டு கிடந்தது. அவளால் துவைக்க முடியவில்லை; வேறு யாரிடமும் கொடுக்க அவளுக்கு வெட்கம்.

ஒரு விடியற்காலை, சாராளும் குழந்தையும் அயர்ந்து தூங்கும்போது, ஜான்சன் அந்தப் புடவையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். காலனியில் எந்த ஆண்பிள்ளையும் பெண்டாட்டி புடவையைத் துவைத்ததில்லை. கைவிடப்பட்ட கல்குவாரியில் தண்ணீர் தேங்கி நின்றது. அங்கே போனான். குடித்த காலத்தில், அவன் வாந்தியெடுத்துப் புரண்ட லுங்கிகளை இதே நேரத்துக்கு, ஊர் எழுவதற்கு முன்னால், இதே தண்ணீருக்கு அவள் எடுத்து வருவாள். மற்றப் பெண்கள் பார்த்துவிடக் கூடாது என்று. அதை அவன் அறிந்திருந்தான். ஒருநாளும் கேட்டதில்லை.

புடவையைத் தண்ணீரில் நனைத்தான். கறை பழுப்பாகக் கரைந்தது. பாறையில் விரித்துச் சோப்புப் போட்டு, சம்மட்டி பிடிக்கிற கையால், கிழிந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கசக்கினான். கறை போன இடத்தையும் மறுபடி கசக்கினான். அலசினான். கரையில் யாரும் இல்லை. ஒரு மீன்கொத்தி மட்டும் தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போனது.

பிழிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வெயில் ஏறியபோது பாறையில் இருந்த ஈரமும் காய்ந்துவிட்டது.